வைசாகப் பௌர்ணமிக்கு ஓர் அறவாழிப் பாட்டு



வைசாகப் பௌர்ணமி அணுகி வருகின்றது. பகவான் புத்தர் பிறந்ததும், போதி மரத்தடியில் மெய்யுணர்ந்ததும், பரிநிப்பாணம் எய்தியதும் இத்திருநாளிலேயே என்பது பௌத்த மரபு. இந்நாளில் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதுகின்றோம், விளக்கேற்றுகின்றோம், பாற்சோறு அளிக்கின்றோம். சில ஆண்டுகளாகப் பெங்களூரில் எம் குடியிருப்புப் பிள்ளைகள் வேறொன்றும் செய்து வருகின்றனர். வாயிலில் கோலமிடும் இடத்தில் எட்டு ஆரங்களுள்ள சக்கரம் ஒன்றை வரைந்து, அதனுள் ஒரு பாட்டை எழுதி, சுற்றி நின்று படிக்கின்றனர். அதனை இயற்றும் முறையைப் பாடமாக எழுதுமாறு பிறவூர் அன்பர் சிலர் கேட்டனர். முறையைச் சொல்லுமுன், அம்முறையில் யான் செய்த பிழையையும் சொல்லுதல் என் கடமை. இப்பாடம் அப்பிழையிலிருந்தே பிறந்தது.

1. சித்திரகவி என்பது யாது?

தமிழ்ப் புலவர் கவிகளை ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என நால்வகையாக வகுத்தனர். இவற்றுள் எழுத்துக்களை ஓர் உருவத்தினுள் அடக்கியோ, ஒரு கட்டுப்பாட்டுக்குள் நிறுத்தியோ பாடுவது சித்திரகவி. தண்டியலங்காரத்தின் சொல்லணியியல் இதன் வகைகள் பன்னிரண்டினைக் கூறுகின்றது. முதலிலிருந்து படிப்பினும் முடிவிலிருந்து படிப்பினும் ஒன்றாகவே வருவது மாலைமாற்று. பாம்பு பின்னிய உருவில் அமைவது நாகபந்தம். சக்கர உருவில் அமைவது சக்கரம். இதில் நான்கு ஆரம், ஆறு ஆரம், எட்டு ஆரம் உடையவை உண்டு. ஒன்றுமுதல் ஏழுவரை எண்களை ஏற்றியும் இறக்கியும் தேர்த்தட்டுப் போல் அடுக்கும் எழுகூற்றிருக்கையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அதனைத் திருஞானசம்பந்தரும் திருமங்கையாழ்வாரும் பாடியுள்ளனர்.

‘இஃது அவர்கள் சொத்தாயிற்றே, நமக்கென்ன?’ என்று சிலர் வினவலாம். வடமொழித் தண்டியாசிரியரைத் தழுவி அணியிலக்கணத்தைத் தமிழில் எடுத்துரைத்த வீரசோழியம், தண்டியலங்காரத்துக்கும் முற்பட்டது. 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் அதனை இயற்றிய புத்தமித்திரர் பௌத்தர். மணிமேகலை தந்த சாத்தனாரும் பௌத்தரே. 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவி, 1907 முதல் வார இதழ் நடத்திய அயோத்திதாசப் பண்டிதர், இந்நூல்களையெல்லாம் நம் முன்னோர் விட்டுச் சென்ற செல்வமாகவே நமக்கு எடுத்துக் காட்டினார். ஆகவே நாம் அயலார் வீட்டுக்குள் நுழையவில்லை. பூட்டிக் கிடந்த நம் வீட்டையே திறக்கின்றோம்.

சக்கரமோ நமக்கு மிகவும் உரியது. இசிபதனத்தில், அதாவது இன்றைய சாரநாத்தில், ஐவர்க்குப் பகவான் உரைத்த முதல் அறவுரைக்கு அறவாழியை உருட்டுதல் என்றே பெயர். சாஞ்சி, பர்கூத், அமராவதி ஆகிய இடங்களின் பழஞ்சிற்பங்களிற் பலவற்றில் பகவானுடைய திருமேனியைக் காணோம். அவர் இருக்குமிடத்தில் சக்கரமோ, போதி மரமோ, திருவடிச் சுவடோ செதுக்கப்பட்டிருக்கும். 22-7-1947-இல் இந்திய நாட்டுக் கொடியில் ஏற்கப்பட்ட சக்கரமும் சாரநாத்து அசோகத் தூணின் சக்கரமே. அதற்கு ஆரங்கள் 24. நாம் பாட்டுக்கு எடுத்துக்கொள்ளும் சக்கரத்துக்கு ஆரங்கள் எட்டு. அவை எண்வகை மார்க்கத்தின் எட்டு உறுப்புக்கள்.

2. யான் செய்த பிழை

யான் பள்ளியில் அதிகம் படித்தவன் அல்லேன். பஞ்சாலையில் நூற்புப் பகுதியில் பல ஆண்டுகள் உழைத்தவன். இரவு முறை முடிந்து வந்து, பழைய புத்தகக் கடையில் வாங்கிய தண்டியலங்கார உரையை வைத்துக்கொண்டு தானே கற்றேன். கற்றதைக் காட்டவேண்டும் என்னும் ஆசை உள்ளத்தே புகுந்தது. ஒரு வைசாகத்துக்கு எட்டாரச் சக்கரம் ஒன்று இயற்றினேன். வடசொற்களும் அருஞ்சொற்களும் நிறைந்த செய்யுள் அது. எழுத்தெண்ணிக்கை பிசகவில்லை. அதனைத் தாளில் அச்சிட்டு வீடுதோறும் கொடுத்தோம். பலரும் பாராட்டினர். ஒருவரும் பொருள் கேட்கவில்லை. யானும் அதனைக் கவனிக்கவில்லை.

சில நாட்கள் கழிந்தபின், எம் குடியிருப்பில் ஒரு மூதாட்டியாரின் பேரனுக்குக் காய்ச்சல் என்று கேள்வியுற்றுப் பார்க்கச் சென்றேன். மூன்று நாட்களாகக் காய்ச்சல் தணியவில்லை. குழந்தையின் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் புதிய தாயத்து ஒன்று தொங்கிற்று. தம்மம் தழுவிய குடும்பத்தில் இஃது ஏன் என்று கேட்டேன். அம்மையார் சிறிதும் மறைக்கவில்லை.

“தம்பி, நீங்கள் கொடுத்த தாள்தான். சக்கரமும் இருக்கிறது, எழுத்தும் இருக்கிறது, எழுதினவர் நீங்கள். பிள்ளையைக் காக்கும் என்று சுருட்டிக் கட்டினேன்” என்றார்.

யான் வாயடைத்து நின்றேன். “பெரியம்மா, முதலில் பிள்ளையை மருத்துவமனைக்கு எடுத்துப் போவோம்” என்று சொல்லி அழைத்துச் சென்றேன். மருத்துவர் பார்த்து மருந்து கொடுத்தார், குழந்தை தேறியது. வீட்டுக்குத் திரும்பியபின் அம்மையார் அத்தாளைப் பிரித்து என்னிடம் நீட்டி, “அப்படியானால் இதில் என்னதான் எழுதியிருக்கிறீர்கள்?” என்றார். படித்தேன், விளங்கவில்லை. பதம் பிரித்துச் சொன்னேன், அப்பொழுதும் விளங்கவில்லை. ஓரிடத்தில் யான் இயற்றிய சொல்லுக்கு எனக்கே பொருள் தடுமாறிற்று.

அந்த அம்மையாரிடம் குற்றம் காண்பதற்கில்லை. படிக்க இயலாத எழுத்தைச் சக்கரத்துள் அடைத்து வீட்டில் கொடுத்தால், அதனை இயந்திரத் தகடு என்று எண்ணாமல் வேறு எவ்வாறு எண்ணுவர்? மந்திரவாதி செம்புத்தகட்டில் கீறிக் கொடுப்பதற்கும் யான் காகிதத்தில் அச்சிட்டுக் கொடுத்ததற்கும் அவர் கண்ணில் வேறுபாடு இல்லை. விளங்காத எழுத்தே தாயத்தின் வலிமை. நாம் விட்டு வந்த இருளை யானே அழகிய உருவத்தில் வீட்டுக்குள் அனுப்பி வைத்தேன். அதனால் மூன்று நாள் மருந்தின்றிக் கிடந்தது ஒரு குழந்தை.

3. பகவான் வாக்கில் இதற்கு வழி உண்டா?

அன்றிரவு முதல் நூல்களில் தேடினேன். கண்டவற்றைச் சுருக்கிச் சொல்லுகின்றேன்.

தீக நிகாயத்தின் முதற் சூத்திரமாகிய பிரமஜால சூத்திரம், குறி சொல்லுதல், மந்திரித்தல், காப்புக் கட்டுதல் போன்றவற்றைக் கீழான வித்தைகள் என்று விலக்குகின்றது. இறந்த குழந்தையைத் தோளிற் சுமந்து மருந்து கேட்டு வந்த கிசாகோதமிக்குப் பகவான் தகடு எழுதித் தரவில்லை. சாவு நிகழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வருமாறு அனுப்பினார். அவள் வீடு வீடாகச் சென்று உண்மையைத் தானே கண்டாள்.

சம்யுத்த நிகாயத்தில் தசாரகர் என்போருடைய முரசின் உவமை ஒன்று உண்டு. அம்முரசு பிளவுபடும்தோறும் அவர்கள் ஓர் ஆணியை அறைந்தனர். முடிவில் பழைய முரசு மறைந்து ஆணிகளின் கூட்டமே எஞ்சிற்று. அவ்வாறே, வருங்காலத்தில் ததாகதரின் ஆழ்ந்த உரைகளைக் கேளாது, புலவர் புனைந்த சித்திர எழுத்தும் சித்திரச் சொல்லும் உடைய பாட்டுக்களையே மக்கள் கேட்பர். அதனால் அவ்வுரைகள் மறையும் என்று பகவான் எச்சரித்தார். ‘சித்திர எழுத்து’ என்னுமிடத்தைப் படித்தபோது, என்னையே பெயர் சொல்லி அழைத்தது போல் இருந்தது.

விநய பிடகத்தின் சுல்லவக்கத்தில் மற்றொரு செய்தி. பிராமணக் குலத்தில் பிறந்த பிக்குகள் இருவர், பகவானின் வாக்கைச் சந்தத்தில் அமைத்துக் காக்க விரும்பி அனுமதி கேட்டனர். பகவான் அதனை மறுத்து, அவரவர் தம் மொழியிலேயே கற்கலாம் என்றார்.

இவற்றைக் கண்டு, பாட்டே ஆகாதுபோலும் என்று அஞ்சினேன். அவ்வாறும் இல்லை. வங்கீசர் என்னும் தேரர் நினைத்தவுடன் கவி பாடும் ஆற்றலில் முதல்வர் என்று பகவானாலேயே புகழப்பட்டவர். நன்மொழிக்கு இலக்கணம் நான்கென்று சுத்தநிபாதத்தில் பகவான் வகுத்தபோது, அதனைக் கேட்டு எழுந்து பாடியவரும் அவரே. அவ்விலக்கணம் யாதெனில்: நன்றாகச் சொல்லப்பட்டிருத்தல், அறமாயிருத்தல், இனிதாயிருத்தல், மெய்யாயிருத்தல். என் பழைய சக்கரத்தை இந்நான்கிலும் வைத்து நோக்கினேன். அறம் இருந்தது, மெய்யும் இருந்தது. நன்றாகச் சொல்லவில்லை, கேட்பார்க்கு இனிமையும் இல்லை. பாதியில் தோற்றுவிட்டது.

ஆகவே எமக்கு ஒரு விதி செய்துகொண்டோம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுவன் தானே படித்து, எழுத்தறியாத பாட்டிக்குச் சொல்ல, அவர் உரையின்றி விளங்கிக்கொள்ள வேண்டும். இவ்விதிக்குள் நில்லாத உருவக்கவி எத்துணை அழகாயினும் வைசாகத்துக்கு ஆகாது.

4. சக்கரம் வரையும் முறை

வட்டமாக வெட்டிய தாளை மூன்று முறை பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டு மடிப்புக் கோடுகள் தோன்றும். அவையே ஆரங்கள். தரையில் வரைவதாயின் நடுவில் ஓர் ஆணியை நிறுத்தி, நூல் கட்டி, நூலின் மறுமுனையில் சுண்ணக்கட்டியைப் பிணைத்துச் சுற்றுக. நடுவில் உள்ளது குடம். சுற்றில் உள்ளது வட்டை. குடத்தில் ஓர் எழுத்து மட்டும் எழுதப்படும். எட்டு அடிகளும் அவ்வெழுத்திலேயே தொடங்கி ஆரத்தின் வழியே வெளியே செல்லும். ஒவ்வோர் அடியின் இறுதி எழுத்தும் வட்டையில் அமையும். வட்டையின் எட்டு எழுத்துக்களையும் மேலிருந்து வலமாகப் படித்தால் ஒரு வாக்கியம் கிடைக்க வேண்டும்.

பழைய சக்கரகவியில் எல்லா ஆரங்களிலும் எழுத்தெண்ணிக்கை ஒத்திருத்தல் வேண்டும். நாம் அக்கட்டுப்பாட்டை விட்டுவிட்டோம். முடிச்சு மிகுந்த நூல் தறியில் ஓடாது என்பது ஆலையில் யான் கற்ற பாடம்.

குடத்து எழுத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. நம் முன்னோர் வழங்கிய எண்வகை மார்க்கப் பெயர்களை நோக்குக: நற்காட்சி, நல்லூற்றம், நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை, நன்முயற்சி, நற்கடைப்பிடி, நல்லமைதி. எட்டும் ‘ந’ என்னும் ஓரெழுத்தில் தொடங்குகின்றன! தமிழே நமக்குக் குடத்தைச் செய்து வைத்திருக்கின்றது.

வட்டையின் வாக்கியத்தைத் தேர்வதிலேதான் கவனம் வேண்டும். தமிழ்ச் சொற்கள் க், ச், ட், த், ப், ற் என்னும் வல்லின மெய்களில் முடிவதில்லை. ஆகவே ‘புத்தம்’ என்பதை வட்டையில் வைக்க இயலாது, ‘த்’ இடறும். அ, இ போன்ற உயிரெழுத்துக்கள் சொல்லின் முதலில் வருவனவேயன்றி இறுதியில் நில்லா. ஆகவே ‘அறம்’ என்பதும் இயலாது. எகர ஒகரக் குறில் ஏறிய எழுத்துக்களும் அத்தகையனவே. இவற்றை விலக்கி, எட்டு எழுத்துக்கொண்ட வாக்கியமாக ‘வழியே துணையாகும்’ என்பதனை எடுத்தோம். தாயத்துத் துணையாகாது, நடக்கும் வழியே துணையாகும் என்பது அதன் கருத்து. பாட்டு வருமாறு:

நற்காட்சி காட்டும்மெய் நான்கும் நலந்தருவ
நல்லூற்றம் நெஞ்சில் பகையகற்றும் நேர்வழி
நல்வாய்மை என்பது நாவுரைக்கும் மெய்யே
நற்செய்கை எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாதது
நல்வாழ்க்கை வஞ்சத்தைத் தடுத்துநிற்கும் அணை
நன்முயற்சி உடையாரின் நல்வினைகள் ஓயா
நற்கடைப்பிடி உள்ளத்தில் அணையாத விளக்கு
நல்லமைதி ஏழும்கூடி நமக்களிக்கும் இன்பம்

அடிகளின் இறுதி எழுத்துக்களை மட்டும் படிக்க: வ, ழி, யே, து, ணை, யா, கு, ம். நான்கு மெய் என்பன துக்கம், அதன் தோற்றம், அதன் நீக்கம், நீக்கும் வழி. நல்லூற்றம் என்பது பகையும் பேராசையும் அற்ற நல்லெண்ணம். நற்கடைப்பிடி என்பது செய்வதை விழிப்போடு செய்தல். ‘நலந்தருவ’ என்பதற்கு நலம் தருகின்றன என்றும், ‘ஓயா’ என்பதற்கு ஓய்வதில்லை என்றும் பிள்ளைகளுக்கு ஒருமுறை சொன்னாற் போதும். எஞ்சியவை தாமே விளங்கும்.

இது புலவர் மெச்சும் பாட்டன்று என்பதை யான் அறிவேன். ஆயினும் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் கற்று, தமிழை வீட்டுப் பேச்சாக மட்டும் அறிந்த நம் பிள்ளைகள், ‘ழி’, ‘ணை’ என்னும் எழுத்துக்களை இச்சக்கரத்தின் வட்டையிலேயே முதன்முதல் எழுதிப் பழகினர். எழுத்து நம் முன்னோர் பலர்க்கு மறுக்கப்பட்ட பொருள். அது நம் பிள்ளைகள் கையில் சுண்ணக்கட்டியாய் இருப்பதே ஒரு திருவிழா.

5. சிறுவர்க்கு ஒரு தூபிப் பாட்டு

எட்டாரம் கடினமாகத் தோன்றும் இளஞ்சிறார் தூபியின் உருவில் எழுதலாம். முதலடியில் ஒரு சொல், இரண்டாமடியில் இரண்டு, இவ்வாறு ஐந்துவரை வளர்த்துக்கொண்டு போக வேண்டும். ஒவ்வோர் அடியையும் நடுவில் நிறுத்தி எழுதினால் மேலே முடியும் கீழே அகன்ற அடித்தளமும் தோன்றும்.

புத்தர்
பிறந்த நாள்
பேதைமை நீங்கும் நாள்
பிறர்துயர் தன்துயர் ஆகும் நாள்
பாற்சோறு பசித்தவர்க்கு நாம் அளிக்கும் நாள்

அடிகள் யாவும் பகர வரிசை எழுத்திலேயே தொடங்குவதைக் காண்க. அகன்ற அடித்தளத்தில் பசித்தவர்க்குச் சோறு இருப்பதையும் காண்க. தூபியைத் தாங்குவது அதுவே.

6. விலக்க வேண்டியவை

(அ) சக்கரப் பாட்டைச் சட்டமிட்டுப் பூசை செய்யலாகாது, சுருட்டிக் கட்டலாகாது, நோய்க்கும் வழக்குக்கும் பரிகாரமாகக் கொடுக்கலாகாது.

(ஆ) எழுத்துக்கள் பொருந்துவதற்காகப் பொருளற்ற சொல்லை நுழைக்கலாகாது. பொருந்தாவிடின் வட்டையின் வாக்கியத்தை மாற்றுக.

(இ) தரையில் வரைந்ததை மறுநாள் கூட்டிப் பெருக்கிவிடுக. ‘சக்கரத்தை மிதித்தால் குற்றம்’ என்று குழந்தைகளை அச்சுறுத்தாதீர். தோன்றியது மறையும் என்பதும் நம் பாடமே.

(ஈ) இயற்றியவர் பெயரை உருவத்தினுள் ஒளித்து வைக்கலாகாது. அது தற்பெருமைக்கு வாயிலாகும். யானும் முன்பு அவ்வாறு செய்தவனே.

7. பயிற்சி

(1) ‘கருணையே வழியாம்’ என்பதில் எழுத்துக்கள் எத்தனை? எட்டும் சொல்லின் இறுதியில் வரத்தக்கனவா என்று ஆராய்க.

(2) அதனை வட்டையில் வைத்து, ‘ந’ என்பதைக் குடத்தில் வைத்து, எட்டடி இயற்றுக.

(3) இயற்றியதை எழுத்தறியாத ஒருவர்க்குப் படித்துக் காட்டி, அவர் என்ன விளங்கிக்கொண்டார் என்பதைக் கேட்டு எழுதுக. இம்மூன்றாவதே தேர்வு, முன்னிரண்டும் அதற்கு ஆயத்தம்.

புதிய பாட்டை வரைந்த முதல் வைசாகத்தன்று அந்த மூதாட்டியார் வந்திருந்தார். அவருடைய பேத்தி ஆரம் ஆரமாகப் படித்துச் சொன்னாள். அம்மையார் குனிந்து, ஒவ்வொரு வட்டை எழுத்தின் அருகிலும் ஒரு பூவை வைத்துக்கொண்டே வந்தார். எட்டாவது பூவை வைத்தவுடன் நிமிர்ந்து, “வழிதான் துணை என்கிறீர்கள், இது எனக்குப் புரிகிறது தம்பி. போன தடவையே இப்படி எழுதியிருக்கக் கூடாதா?” என்றார்.

அவர் கேட்ட கேள்வியே யான் பெற்ற பரிசு. அன்பர்களே, இவ்வாண்டு நீங்களும் எழுதுங்கள். அத்தகைய ஒருவர் முன்னிலையில் படியுங்கள்.

எல்லா உயிர்களும் நலம் பெறுக!